காதை வைத்தா டைமிங் வைப்பது?

மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்தேன், இன்று கொட்டித்தான் ஆக வேண்டும். ஐயா காலத்து அம்பாசிடர் மார்க் 2, 1489 சிசி எஞ்சின். காரைக்குடிப் பட்டறை ஒன்றில் விட்டு, சிலிண்டரைப் போர் பண்ணி (குடைந்து அகலமாக்கி), ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்க் கிரைண்டிங் முடித்து, கேட்ட பணத்தை ஒரு ரூபாய் குறைக்காமல் கொடுத்தேன். வண்டி வந்த மறுநாள் ஆத்தாவை ஏற்றிக்கொண்டு குன்றக்குடிக்குக் கிளம்பினால் பாதி வழியில் ரேடியேட்டர் கொதிக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் பிக்கப் இல்லை. 72 வயது மனுஷியைப் புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீருக்கு அலைந்தேன்.

திரும்பக் கொண்டு போனால் "கார்பரேட்டர்தான் தம்பி" என்று கழற்றிக் கழுவினார். அப்புறம் ஸ்பார்க்குக்கான காயில் வீக் என்று அதை மாற்றினார். கண்டென்சர் இரண்டு தடவை. கடைசியில் பெட்ரோலே சரியில்லையாம்! ஒவ்வொரு தடவையும் டெல்கோவை (சிலிண்டர்களுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை) கையால் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி, தலையைச் சாய்த்து, "இப்ப சவுண்டைக் கேளுங்க" என்பார். அண்ணே, ஸ்பார்க் விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, டைமிங் லைட் வைத்துப் பார்க்கலாமே என்றேன். "30 வருஷக் காது தம்பி இது."

நின்ற இடத்தில் ஐடிலிங் சீராகக் கேட்டுவிட்டால் டைமிங் சரியாகிவிடுமா? ஸ்பார்க் தாமதமாக விழுந்தால் எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும், பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடெல்லாம் ஹெட்டிலும் தண்ணீரிலும் இறங்கும். கொதிக்காமல் என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை நானே திறந்தேன். வால்வு கவரைக் கழற்றி, ஹேண்டில் போட்டுச் சுற்றி, 4வது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி ஒன்று திறக்கும் இடத்தில் நிறுத்தினால் 1வது சிலிண்டரின் பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சியில் நிற்கும் என்பது அரிச்சுவடி. டெல்கோ மூடியைத் தூக்கினால், உள்ளே சுற்றி ஒவ்வொரு ஒயருக்கும் ஸ்பார்க்கைக் கொடுக்கும் ரோட்டார் 1வது ஒயரின் முனைக்கு வந்தே சேரவில்லை! அதை ஈடுகட்ட இவர் டெல்கோவைத் திருப்பித் திருப்பி, அதன் பக்கவாட்டில் இருக்கும் வேக்கம் டப்பா எஞ்சின் பிளாக்கில் முட்டி நிற்கிறது, அதற்கு மேல் இடமே இல்லை. டெல்கோவைச் சுற்றும் டிரைவ் கியர் ஒரு பல் தள்ளி இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சாய்வாக வெட்டிய பல் அது, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டில் கோக்கும்போது சுற்றிக்கொண்டேதான் இறங்கும். அந்தச் சுற்றுக்கு இடம் விட்டுப் பிடித்து இறக்க வேண்டும் என்பது எஞ்சின் கட்டுகிறவருக்குத் தெரியாதா?

5/16 அங்குல போல்ட் ஒன்றை அதில் திருகிப் பிடித்து டிரைவை வெளியே இழுத்துத் திரும்ப இறக்க அரை மணி நேரம். டெல்கோவுக்குள் பிரிந்து சேரும் பாயின்ட்டின் இடைவெளியை முதலில் 0.4 மிமீ வைத்தேன், அதைப் பிறகு தொட்டால் டைமிங்கும் நகர்ந்துவிடும். அப்புறம் ஒரு 12 வோல்ட் பல்பு, இரண்டு ஒயர். ஒன்று டெல்கோவின் ஒயர் முனையில், ஒன்று பாடியில். இக்னிஷனைப் போட்டு, பாயின்ட் பிரியும் நொடியில் பல்பு எரிகிற இடத்தில் டெல்கோவை இறுக்கினேன். பிறகு வேக்கம் டியூபைக் கழற்றிவிட்டு, கடன் வாங்கிய டைமிங் லைட்டிலும் சரி பார்த்தேன். கானாடுகாத்தான் வரை உச்சி வெயிலில் போய் வந்தேன், சூடு காட்டும் ஊசி நடுவைத் தாண்டவில்லை.

ஒரு பல்பு வைத்துப் பார்க்க 10 நிமிடம் இல்லாதவருக்கு நான் மூன்று வாரமும் கார்பரேட்டர் கிட், காயில், இரண்டு கண்டென்சர் காசும் அழுதிருக்கிறேன். நேற்றுப் பட்டறைக்குப் போய் ஐயா காலத்திலிருந்து ஓடிய அந்தக் காயிலையாவது கொடுங்கள் என்று கேட்டேன். இரும்புக் கடைக்குப் போட்டாச்சாம்.