வக்கீல் வைத்தேன், ஃபார்மை நானே நிரப்பினேன்

கனடா பிஆருக்கு, அதாவது நிரந்தரமாக அங்கே வசிக்கும் உரிமைக்கு, நான் வக்கீல் வைத்துத்தான் போட்டேன். ஆனால் அவர் எனக்காக ஒரு ஃபார்ம்கூட நிரப்பவில்லை. எல்லாப் பக்கத்தையும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அடித்தது நான்தான். இதைச் சொன்னால் "அப்புறம் எதுக்குடி அவ்வளவு காசு குடுத்தே?" என்று அம்மா முதல் ஆபீஸ் தோழி வரை கேட்காத ஆள் கிடையாது. இத்தனை வருஷம் சிரித்துச் சமாளித்துவிட்டேன். போன வாரம் சித்தி பையன் ஐடிஏ (பிஆருக்கு விண்ணப்பிக்கலாம் என்று கனடா அனுப்பும் அழைப்பு) வந்துவிட்டது என்று போன் செய்தான். அவனும் அதையே கேட்டதால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

2019-ல் நான் சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தேன். வயது 29, படிப்பு எம்.இ., கல்யாணம் ஆகவில்லை. வயது, படிப்பு, மொழி, அனுபவத்துக்குப் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் என் ஸ்கோர் 411. ஒரு ஏஜென்சியில் போய் உட்கார்ந்தால் ஏசி ரூம், மேப்பிள் இலை போட்ட ஃபைல். "நல்ல ப்ரொஃபைல் மேடம், முதல் தவணையைக் கட்டிடுங்க, பூல்ல போட்டுடலாம்" என்றார்கள். பூலில், அதாவது அழைப்புக்குக் காத்திருப்பவர்கள் பட்டியலில், போடுவதற்குக் காசே கிடையாது, நானே வீட்டிலிருந்து போடலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஏதோ சந்தேகம் தட்ட, டொராண்டோவில் இருக்கும் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் ஆலோசனைக்குப் பணம் கட்டினேன். ஈழத்தமிழர், ஐம்பது வயதைத் தாண்டியவர். முதல் அழைப்பில் மேடம் என்றேன். இரண்டாவதில் அது அக்கா ஆகிவிட்டது.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்தார். மற்ற மூன்றும் சரி, ரைட்டிங் மட்டும் 6.5. "எனக்குக் காசு தாறதை விட்டுட்டு, போய் அந்தச் சோதனையைத் திரும்ப எழுதுங்கோ பிள்ளை" என்றார். அவ்வளவுதான் ஆலோசனை. எனக்குக் கோபம் வந்தது. இதைச் சொல்லவா ஒரு மணி நேரக் காசு?

அப்புறம்தான் கணக்கைப் போட்டுக் காட்டினார். ரைட்டிங்கில் 7 வந்தால் நான்கு திறனும் சிஎல்பி 9 (சிஎல்பி என்பது கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) ஆகிவிடும். மொழிக்கு நேரடியாகக் கூடுவது 8 புள்ளிதான். ஆனால் சிஎல்பி 9-ஐத் தொட்டதும் படிப்பையும் மொழியையும் சேர்த்துப் பார்க்கிற கட்டத்தில் 25 போட்டிருந்த இடத்தில் 50 போடுவார்கள். வெளிநாட்டு அனுபவத்தையும் மொழியையும் சேர்க்கிற கட்டத்திலும் அப்படியே, 25 போய் 50. அரை பேண்டுக்கு 58 புள்ளி. 411 என்பது 469. அந்தக் கோடையில் கட்-ஆஃப் 460-ஐ ஒட்டித்தான் போய்க்கொண்டிருந்தது. 30-வது பிறந்தநாள் வந்தால் வயதுக்கான புள்ளி 110-லிருந்து 105 ஆகும், பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஐந்தோ ஆறோ கழிந்துகொண்டே போகும் என்பதையும் அவர்தான் காலண்டரை வைத்துக்கொண்டு சொன்னார். திரும்ப எழுதினேன். 7 வந்தது. ஜூலையில் ஐடிஏவும் வந்தது.

இந்தக் கணக்கு ஒன்றும் ரகசியமில்லை. அரசாங்க இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஏஜென்சிக்காரருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. என்னைப் பரீட்சைக்குத் திருப்பி அனுப்பினால் முதல் தவணை கையை விட்டுப் போய்விடுமே, அதுதான் விஷயம்.

அடுத்தது அனுபவக் கடிதம். நம் ஊர் கம்பெனிகளில் எச்ஆர் தருகிற கடிதம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இன்ன பதவி, நன்னடத்தை, வாழ்த்துகள். கனடாக்காரர்களுக்கு அது போதாது. என்ன வேலை பார்த்தீர்கள், வாரம் எத்தனை மணி நேரம், சம்பளம் என்ன, எல்லாம் லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு வேண்டும். எச்ஆரிடம் கேட்டால் "பாலிசி இல்லை" என்பார்கள். அங்கேதான் ஏஜென்சிகளின் ரெடிமேட் கடிதம் உள்ளே வருகிறது. என்ஓசி பட்டியலில் (எந்த வேலைக்கு என்ன கோட், என்ன கடமை என்று கனடா வைத்திருக்கும் பட்டியல்) உள்ள கடமைகளை வரி பிசகாமல் காப்பி எடுத்து, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரச் சொல்வார்கள்.

எனக்கும் அப்படி ஒன்று வந்திருந்தது. அதில் இன்னொரு கூத்து: நான் பார்த்தது டெஸ்டிங், அப்போதைய என்ஓசியில் 2283. ஏஜென்சி போட்டிருந்தது 2173, அதாவது சாஃப்ட்வேர் இன்ஜினியர். "அதுதான் வெயிட்டா இருக்கும் மேடம்." இரண்டுமே ஸ்கில்டு வேலைதான், புள்ளியில் ஒரு பைசா வித்தியாசம் கிடையாது! அக்காவுக்கு அனுப்பினேன்.

"உந்தக் கடிதத்தை ஆர் எழுதினது?"

"ஏஜென்சியில குடுத்தாங்க அக்கா."

"நீங்கள் கோட் எழுதினனீங்களோ?"

"இல்லைக்கா, டெஸ்டிங்."

"பிறகேன் எழுதினதெண்டு கையெழுத்து வாங்கப் போறீங்கள்?"

கடைசியில் என் பழைய லீட் ஒருவர் நோட்டரி முன் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தார், நான் நிஜமாகச் செய்த வேலையை எங்கள் ஆபீஸ் மொழியிலேயே. கூடவே கம்பெனி ஏன் விவரமான கடிதம் தரவில்லை என்று நான் ஒரு விளக்கம், எச்ஆர் அனுப்பிய மறுப்பு மெயில், சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அதில் இருந்த ஒவ்வொரு வரியையும் யார் எப்போது கேட்டாலும் என்னால் சொல்ல முடியும்.

ஏன் இவ்வளவு பயம் என்றால், கனடா குடிவரவுச் சட்டத்தின் 40-வது பிரிவு. தவறான தகவல் கொடுத்தோம் என்று முடிவு கட்டிவிட்டால் 5 வருஷம் தடை. "ஏஜென்ட் செய்தது, எனக்குத் தெரியாது" என்றால் பெரும்பாலும் எடுபடாது. கையெழுத்து நம்முடையது. 2023-ல் இந்திய மாணவர்கள் போலி கல்லூரி அனுமதிக் கடிதம் காரணமாக நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்த செய்தி நினைவிருக்கும். கடிதம் போலி என்றே தெரியாது என்று அவர்களில் பலர் சொன்னார்கள். தெருவில் உட்கார்ந்து போராடித்தான் தங்கள் பக்கத்தைக் கேட்கவைக்க வேண்டியிருந்தது.

பணக் கணக்கும் இப்படித்தான். செட்டில்மென்ட் ஃபண்டு, அதாவது அங்கே போய்க் காலூன்றும்வரை செலவுக்கான பணம், காட்ட வேண்டும் என்றதும் அப்பா முதலில் சொன்னது நகையை வைத்து வாங்கிப் போட்டுவிடலாம் என்று. கடன் வாங்கிய பணத்தைக் காட்டக்கூடாது. வீட்டுப் பத்திரத்தைக் காட்டினாலும் செல்லாது. ஆறு மாதக் கணக்கு வழக்கு கேட்பார்கள், திடீரென்று பெரிய தொகை விழுந்திருந்தால் எங்கிருந்து என்று கேள்வி வரும். இதற்கு வக்கீல் தேவையில்லை, வழிகாட்டியிலேயே இருக்கிறது. ஆனால் அப்பாவிடம் நான் சொன்னால் எடுபடாது, "வக்கீல் சொன்னாங்க" என்றால் எடுபடும்.

இப்போது கல்யாணக் கதை. விண்ணப்பம் அனுப்பியது செப்டம்பரில், சிங்கிள் என்று. ஐப்பசியில் நிச்சயம் ஆகிவிட்டது, தையில் முகூர்த்தம். வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள்: "இப்ப எதுவும் சொல்லாதே. நீ போய் இறங்கு. அப்புறம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக்கலாம்." எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வெளிநாட்டில் இருக்கிற தூரத்துச் சொந்தம் ஒருவர்கூட "நாங்க அப்படித்தான் பண்ணினோம்" என்றார்.

அக்காவிடம் பேச்சுவாக்கில்தான் சொன்னேன், பத்திரிகை அனுப்பலாம் என்று. அவர் சிரிக்கவில்லை.

"இதை மறைக்கேலாது பிள்ளை. கலியாணம் கட்டிப்போட்டு தனியாள் எண்டு போய் இறங்கினீங்கள் எண்டால், அவரைப் பிறகு நீங்கள் ஸ்பான்சர் செய்யேலாது. விளங்குதோ?"

விதியில் அப்படித்தான் இருக்கிறது, 117(9)(டி). பிஆர் ஆகிற நேரத்தில் சொல்லாமல், மெடிக்கல் போன்ற பரிசோதனைக்கு உட்படுத்தாமல் விட்ட கணவனையோ மனைவியையோ குழந்தையையோ பின்னால் குடும்பப் பிரிவில் கூப்பிட முடியாது. அதற்கு மேல் 40-வது பிரிவும் தலைக்கு மேல் தொங்கும். என் முன்னால் இரண்டு வழி வைத்தார். ஒன்று, கல்யாணத்தைத் தள்ளிப் போட்டு, தனியாளாகவே போய் இறங்கி, அதன் பிறகு கட்டிக்கொண்டு ஸ்பான்சர் செய்வது. இரண்டு, தையில் கட்டிக்கொண்டு உடனே அறிவித்து, அவரையும் இதே ஃபைலில் சேர்ப்பது. "தாமதமாகும், அதையும் சொல்லிப்போட்டன்."

சேர்த்தோம். 2020 பிப்ரவரியில் அவருடைய ஆவணங்கள் போயின. மார்ச்சில் கொரோனா, எல்லை மூடல். ஃபைல் அசையவே இல்லை. நாங்கள் போய் இறங்கியது 2021 அக்டோபரில். எனக்கு அந்தப் பதினெட்டு மாதமும் எரிச்சல்தான். சொல்லாமல் இருந்திருந்தால் ஊரடங்குக்கு முன்னாலேயே போயிருப்பேனோ என்று பல ராத்திரி கணக்குப் போட்டிருக்கிறேன். போயிருக்கலாம்தான். ஆனால் இவர் இன்னும் சென்னையில்தான் இருந்திருப்பார்.

ஆக, வக்கீல் அக்கா எனக்குச் செய்தது என்ன? பரீட்சை எழுது, கடிதத்தைக் கிழி, கல்யாணத்தைச் சொல்லு. மூன்றுமே நான் கேட்க விரும்பாதவை. இதைத்தான் நான் விலை கொடுத்து வாங்கினேன். ஃபார்ம் நிரப்புவதற்கு வக்கீல் எதற்கு? பத்து வருஷ வரலாற்றை மாத இடைவெளி விடாமல் எழுத என்னைவிடத் தகுதியான ஆள் யார்? வேலையில்லாமல் வீட்டில் இருந்த நான்கு மாதத்தை நானே அல்லவா சொல்ல வேண்டும்? நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் இனிஷியலோடு வேறு மாதிரி. இந்தத் தலைவலியை வக்கீல் ஆபீஸ் ஜூனியரிடம் விட்டால் அப்பா பெயரில் விண்ணப்பம் போய்விடும்.

எல்லோருக்கும் வக்கீல் வேண்டுமா? வேண்டாம். ஒரே கம்பெனி, விவரமான கடிதம், தெளிவான பேங்க் கணக்கு, கல்யாண நிலையில் மாற்றமில்லை, இதற்கு முன் எந்த விசாவும் மறுக்கப்படவில்லை என்றால் நீங்களே போடலாம். வக்கீல் வைத்த ஃபைல் முன்னால் நகரும் என்று யாராவது சொன்னால் அது பொய். யார் வழியாக வந்தாலும் வரிசை ஒன்றுதான். ஆனால் விசா மறுப்பு, போலீஸ் கேஸ், விவாகரத்து, குழந்தையின் காவல் உரிமை, உடல்நலச் சிக்கல், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ஒரு மணி நேரமாவது பேசிவிடுங்கள்.

யாரிடம் பேசுவது என்பதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு கனடா குடிவரவு ஆலோசனை சொல்லச் சட்டப்படி அனுமதி உள்ளவர்கள் சிலரே: அங்குள்ள ஏதாவது மாகாண வழக்கறிஞர் சங்கத்தில் உறுப்பினரான வழக்கறிஞர், அதுபோல ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற பாராலீகல் (வழக்கறிஞர் அல்லாத சட்டப் பணியாளர்), கியூபெக் நோட்டரி, 2021 நவம்பரில் தொடங்கிய ஆலோசகர் கல்லூரியில் (பாடம் நடத்தும் கல்லூரி இல்லை, உரிமம் தரும் அமைப்பு) உரிமம் பெற்ற ஆர்சிஐசி என்கிற குடிவரவு ஆலோசகர். பெயரைப் போட்டால் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று உரிமம் கொடுத்த அமைப்பின் இணையதளத்திலேயே காட்டிவிடும், இரண்டு நிமிஷ வேலை. ஆர்சிஐசியில் நல்லவர்கள் நிறைய உண்டு. ஆனால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றால் வழக்கறிஞர்தான் வேண்டும். வெளிநாட்டில் எடுத்த முடிவுக்கு 60 நாள், கனடாவுக்குள் எடுத்த முடிவுக்கு வெறும் 15 நாள்தான் அவகாசம்.

காசு கொடுத்து உதவி பெற்றால் அந்த ஆளின் பெயரைப் பிரதிநிதி படிவத்தில் காட்ட வேண்டும், ஐஎம்எம் 5476. "எங்க பேரைப் போடாதீங்க, நீங்களே அப்ளை பண்ணின மாதிரி இருக்கட்டும்" என்று ஒருவர் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். கட்டிய முன்பணம் போனால் போகட்டும்.

வக்கீல் என்றாலே உத்தமர் என்று நான் சொல்லவில்லை. முதல் நாள் மட்டும் முகம் காட்டிவிட்டு அப்புறம் உதவியாளரிடம் தள்ளிவிடுகிற ஆட்களும் உண்டு. என் தோழி ஒருத்திக்குத் தன் ஃபைலில் என்ன போனது என்று பார்க்க, தகவல் அறியும் விண்ணப்பம் போட்டுக் குறிப்புகளை வாங்க வேண்டியிருந்தது. அதற்கு அரசாங்கக் கட்டணம் 5 டாலர். அவள் வக்கீலுக்குக் கொடுத்ததை நினைத்தால் அந்த 5 டாலர்தான் உருப்படியான செலவு என்பாள்.

வேலை வாங்கித் தருகிறேன், 50 புள்ளி கூடும் என்று எல்எம்ஐஏ (வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க கனடா முதலாளி வாங்கும் அரசாங்க ஒப்புதல்) விற்கிறவர்களும் இன்னும் சுற்றுகிறார்கள். ஜாப் ஆஃபருக்கான அந்தப் புள்ளிகளையே 2025 மார்ச் 25-ல் எடுத்துவிட்டார்கள். இல்லாத புள்ளிக்கு லட்சக்கணக்கில் விலை. அரசாங்கக் கட்டணமும் ஏறிவிட்டது. நான் கட்டியபோது ஆளுக்கு 1,040 டாலர். 2024 ஏப்ரலில் அது 1,525 ஆனது, பயோமெட்ரிக்ஸ் தனி. இவ்வளவு கட்டுகிறவர்கள் யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

சித்தி பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் ஏஜென்சி வழியாகப் போட்டிருக்கிறான். ப்ரொஃபைலில் எந்த வேலை கோட் போட்டிருக்கிறது என்று கேட்டேன், தெரியவில்லை. லாகின் பாஸ்வேர்டு இருக்கிறதா என்று கேட்டேன், "அதெல்லாம் அவங்ககிட்ட இருக்குக்கா" என்றான். இமெயில்கூட அவர்கள் உருவாக்கியதாம். இவனுக்கும் பங்குனியில் கல்யாணம் பேசியிருக்கிறார்கள், அதை ஏஜென்சியிடம் சொன்னாயா என்றேன். "கேட்கலையே" என்றான்.

பாஸ்வேர்டை வாங்கு, அப்புறம் மற்றதைப் பேசலாம் என்றேன். நேற்று மெசேஜ் வந்தது. அது தங்கள் ஆபீஸ் பாலிசியில் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். திங்கட்கிழமை நேரில் போய்க் கேட்கிறேன் என்றிருக்கிறான். ஐடிஏ வந்த பிறகு விண்ணப்பம் அனுப்ப அவனுக்கு இருக்கிற 60 நாளில் இன்றோடு 19 முடிகிறது.