முதல் 23 எபிசோடைத் தாண்டச் சொன்ன புண்ணியவானுக்கு

சரி, எழுதியே விடுகிறேன். ஃப்ரூட்ஸ் பாஸ்கெட் என்ற ஜப்பானிய அனிமே தொடரில் எதையெல்லாம் தாண்டலாம் என்று ஒருவர் போட்ட பட்டியல் இருக்கிறதே, சனிக்கிழமையிலிருந்து அதன் ஸ்கிரீன்ஷாட்டை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். போட்டவரிடம் அங்கேயே பேசியும் பார்த்தேன். நான் மெனக்கெட்டு எழுதிய கமெண்ட்டுக்கு ஒரு சிரிப்பு எமோஜி, கூடவே "கூல் அக்கா, கார்ட்டூன்தானே". அதற்கு விழுந்த லைக்கைப் பார்த்தால் நான்தான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. நல்லது.

அவர் சொல்வது இதுதான்: ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்டின் முதல் சீசனில் 25 எபிசோடு. அதில் கடைசி இரண்டை மட்டும் பார்த்தால் போதும். மீதி 23ம் "காமெடி, ஸ்கிப்". அதற்கப்புறம்தான் "உண்மையான கதை" தொடங்குகிறதாம்.

ஐயா, அந்த 23 எபிசோடுதான் கதை.

சோமா குடும்பத்துக்கு என்ன சாபம்? சீன ராசிச் சக்கரத்தின் 12 விலங்குகளும், விருந்துக்கு வரமுடியாமல் ஏமாந்துபோன பூனையும் அந்தக் குடும்பத்து ஆட்களுக்குள் இருக்கின்றன. சாபமில்லாத எதிர்பாலினத்தவர் யாராவது கட்டிப்பிடித்தால் புகை கிளம்பும், ஆள் விலங்காகிவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மனிதராவார், உடம்பில் துணியில்லாமல். கதையின் நாயகி, அவர்கள் வீட்டில் தங்கியிருக்கும் பள்ளி மாணவி தோரு 'ஐயோ' என்று கத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாம் சிரிப்போம். முதல் எபிசோடிலிருந்து திரும்பத் திரும்ப இதையே காட்டுவார்கள். பட்டியல்காரருக்குப் போரடித்தது இதுதான்.

இப்போது இரண்டாம் சீசனுக்கு வாருங்கள். (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். பாருங்கள், தாண்டச் சொல்வதென்றால் எனக்கும் தெரியும், ஆனால் காரணத்தோடு சொல்வேன்.) சேவல் ராசிக்காரன் குரேனோ தோருவைக் கட்டிப்பிடிக்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. புகையில்லை, சேவலில்லை, மனிதனாகவே நிற்கிறான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏன்? அத்தனை எபிசோடாக என்னைச் சிரிக்க வைத்துச் சிரிக்க வைத்து, "கட்டிப்பிடித்தால் மாறியே தீருவார்கள்" என்று மண்டைக்குள் ஏற்றியிருக்கிறார்கள். 23 எபிசோடைத் தாண்டி வந்தவருக்கு அந்த இடத்தில் ஒரு ஆண் ஒரு பெண்ணைக் கட்டிப்பிடிக்கிறான், அவ்வளவுதான். தாலி கட்டுகிற நிமிஷத்துக்கு மட்டும் மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டு, "பொண்ணு ஏன் அழுவுது?" என்று பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்கிற மாதிரி.

சரி, அவர் அனுமதித்த அந்தக் கடைசி இரண்டு எபிசோடையே எடுத்துக்கொள்வோம். மழை. அந்தப் பூனையைச் சுமக்கும் பையன் கியோ, அவன் கையில் எப்போதும் இருக்கும் அந்த மணிவளையத்தை அவனுடைய குருவும் வளர்ப்புத் தந்தை போன்றவருமான கஸுமா வேண்டுமென்றே உருவிவிடுகிறார், தோருவின் கண் முன்னால். பூனை ராசிக்காரனின் நிஜ உருவம் வெளியே வருகிறது, அழுகிய நாற்றத்தோடு. தோருவுக்குக் குமட்டுகிறது. பயம் இல்லாத மாதிரி அவள் நடிப்பதில்லை, அதுதான் எனக்கு அந்தப் பெண்ணிடம் பிடித்தது. பயந்துகொண்டே பின்னால் ஓடுகிறாள். ஓடிப்போய் என்ன கேட்கிறாள்? சேர்ந்து இருக்க வேண்டும், சேர்ந்து சாப்பிட வேண்டும் என்கிறாள். பெரிய வசனம் ஒன்றும் கிடையாது.

அந்தச் "சேர்ந்து சாப்பிடுவது" எங்கே இருக்கிறது? நீங்கள் தாண்டச் சொன்ன 23ல் இருக்கிறது. கியோவுக்கு வெங்காயத்தாள் ஆகாது, அதை வைத்துச் சாப்பாட்டு மேசையில் நடக்கிற அக்கப்போர், எலி ராசிக்காரன் யூகியும் அவனும் அடித்துக்கொண்டு உடைக்கிற கதவுகள், 'என் வீடு, என் வீடு' என்று வீட்டுக்காரர் ஷிகுரே புலம்புவது, நடுவில் இந்தப் பெண் எல்லோருக்கும் சோறு போட்டுக்கொண்டிருப்பது. அதெல்லாம் வெட்டி காமெடி என்றால் அவள் எதைத் திரும்பக் கேட்கிறாள்?

அடுத்து ஹதோரி. டிராகன் ராசி. குடும்பத்தின் மருத்துவர், சிரிக்கவே மாட்டார், பார்த்தாலே பயம். தோரு வழுக்கி விழப்போகிறாள், தாங்கிப் பிடிக்கிறார், மாறிவிடுகிறார். பெரிய டிராகனை எதிர்பார்த்துக் குனிந்தால் பனியில் விரலளவு கடல்குதிரை ஒன்று கிடக்கிறது. தண்ணீர் வேண்டுமா, என்ன தண்ணீர் வேண்டும் என்று தோரு தவிக்கிற தவிப்பில் நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அதே எபிசோடில்தான் அவருடைய இடது கண் எப்படிப் போனது என்று தெரிகிறது. காதலித்த பெண்ணைக் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டதற்குக் குடும்பத் தலைமை கொடுத்த பரிசு அது. அந்தக் குற்ற உணர்ச்சியில் அந்தப் பெண் நொறுங்கிப்போக, அவளுக்குத் தன்னைப் பற்றிய ஞாபகத்தை அவர் கையாலேயே அழிக்க வேண்டியிருந்தது. கடல்குதிரைக்குச் சிரித்த வாயை மூட நேரம் கொடுக்காமல் இதைச் சொல்கிறார்கள். இதை எப்படி ஐயா பிரிப்பீர்கள்? பாதி எபிசோடை மட்டும் தாண்டச் சொல்வீர்களா?

மொமிஜியும் அந்த 23க்குள்தான் இருக்கிறான். பள்ளி விழாவில் துள்ளிக் குதித்து வந்து தோருவைக் கட்டிப்பிடித்து முயலாக மாறுகிற சின்னப் பையன். அவனைப் பெற்ற தாய்க்கு அவனைப் பெற்றதே ஞாபகமில்லை, ஏனென்றால் அவளே அதை மறக்க ஆசைப்பட்டாள். அவன் சிரிக்கிறான் என்பதற்காக அவன் எபிசோடு "காமெடி" ஆகிவிடுமா?

இனி வரிசையாக வருவீர்கள், தெரியும்.

"2001ல் வந்த பழைய தொடரே காமெடிதான், அதனால்தான் மறுபடி எடுத்தார்கள்" என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். தம்பி, இந்தக் கதையின் மூலமான நட்சுகி தக்காயாவின் மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) 1998ல் தொடங்கி 2006ல் முடிந்தது, மொத்தம் 23 தொகுதி. 2001ல் ஸ்டுடியோ டீன் 26 எபிசோடு எடுத்தபோது கதை முடியவே இல்லை, அதனால் அவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். 2019லிருந்து 2021 வரை டிஎம்எஸ் என்ற இன்னொரு ஸ்டுடியோ எடுத்த 63 எபிசோடுதான் முழுக் கதை. அதற்கு மேற்பார்வை தக்காயாவேதான். எழுதியவர் கண் முன்னால் எடுத்த தொடரிலும் இந்தச் சிரிப்பெல்லாம் அப்படியே இருக்கிறதே, அவருக்குத் தெரியாத எதைப் பட்டியல்காரர் கண்டுபிடித்தார்?

"ககுரா கியோவைப் போட்டு அடிப்பதெல்லாம் உங்களுக்கு காமெடியா? ஆணும் பெண்ணும் இடம் மாறியிருந்தால் சிரிப்பீர்களா?" இதைக் கேட்டவர் ரொம்ப நியாயவாதி மாதிரி கேட்டிருந்தார். ககுரா அதே குடும்பத்துக் காட்டுப்பன்றி ராசிக்காரி. கதவைப் பெயர்த்துக்கொண்டு வருகிறாள், காதல் காதல் என்று கத்திக்கொண்டே துவைத்து எடுக்கிறாள், ஆமாம். சின்ன வயதில் அவனுடைய வளையத்தைக் கழற்றி, உள்ளே இருந்த உருவத்தைக் கண்டு அலறி ஓடியவள் அவள். தன்னைவிடப் பரிதாபமாக ஒருத்தன் இருக்கிறான் என்பதில் உள்ளூர நிம்மதி கண்டவள். அந்தக் காதல் பாதிக்கு மேல் குற்ற உணர்ச்சி என்று பிற்பாடு அவளே உடைந்து சொல்கிறாள். நீங்கள் சிரித்ததை நினைத்து நீங்களே கூசிப்போகத்தான் முன்னாடி சிரிக்க வைத்தார்கள். கேள்வி கேட்டவர் அதுவரை பார்த்தாரா என்று கேட்டேன். பதில் இல்லை.

ஷிகுரே பள்ளி மாணவிகளைப் பற்றிப் பாட்டுப் பாடுவது? அது எனக்கும் பிடிக்காது. விடுங்கள்.

"இது பொண்ணுங்க பார்க்கிற அனிமே." வணக்கம். அடுத்தது.

இவ்வளவு கோபம் எதற்கு, ஒரு கார்ட்டூனுக்காகவா என்று நெருங்கிய தோழியே கேட்டாள். கேட்கலாம். எங்கள் பெரியம்மா மகன் ஒரு அண்ணன் உண்டு. எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவனைப் பற்றி நாலு கதையாவது வரும். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திருப்பூருக்கு ஓடியது, அங்கே பனியன் கம்பெனியில் சேர்ந்து முதல் வாரமே சூப்பர்வைசருக்குப் பட்டப்பெயர் வைத்தது, திரும்பி வந்தபோது தாத்தா கேட்டைத் திறக்காமல் நிற்க, இவன் தெருவிலேயே பாயை விரித்துப் படுத்தது. சித்தப்பா அந்தப் பாய் விரிப்பதைக் கையால் நடித்துக் காட்டுவார். பந்தியே குலுங்கும். நானும் கேட்டிருக்கிறேன், என்னால் ஒரு தடவையும் சிரிக்க முடிந்ததில்லை. ஏனென்றால் அந்தப் பந்தியில் அவன் மட்டும் இருக்கமாட்டான்.

எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகையில் பெயரெழுதும்போது அவன் பெயரை நான்தான் சொன்னேன். பெரியம்மா, பெற்ற தாய், மஞ்சள் தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே சொன்னார்: "அவன் எதுக்குடி? வந்தா முதல்ல எல்லாரையும் சிரிக்க வைப்பான். அப்புறம் குடிச்சிட்டு அழுவான்." எல்லோரும் அதற்கும் சிரித்தார்கள். பத்திரிகை போகவில்லை.

சோமா குடும்பத்தில் புத்தாண்டு விருந்துக்கு 12 ராசிக்காரர்களும் போவார்கள். பூனைக்கு மட்டும் இடம் கிடையாது, பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு அறையில் பூட்டிவைப்பார்கள், தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். கொடுமை அது மட்டுமில்லை. வீட்டில் எல்லோருக்கும் அது பழகிப்போன விஷயம். பூனை என்றால் அப்படித்தான், முட்டாள், முன்கோபி, கேலிக்கு ஆள். முதல் எபிசோடுகளில் கியோவைப் பார்த்து நாமும் அப்படியே சிரிக்கிறோம், அந்தக் குடும்பத்தோடு பந்தியில் உட்கார்ந்துகொண்டு. தோருதான் சின்ன வயதிலேயே, அம்மா அந்தக் கதையைச் சொன்னபோது, எனக்கு நாய் வருஷம் வேண்டாம், நான் பூனை வருஷம் ஆகிவிடுகிறேன் என்று அழுத பெண். எங்கள் வீட்டில் அப்படி ஒருத்தியும் பிறக்கவில்லை.

ஆகவே "காமெடி, ஸ்கிப்" என்று யாராவது எழுதினால் எனக்குச் சுருக்கென்கிறது. சிரிப்பாக இருக்கிறது என்பதற்காக ஒரு மனிதனைத் தாண்டிப்போவது எப்படியிருக்கும் என்று நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். நீங்கள் வெறும் நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் எழுதினீர்கள், எனக்கும் புரிகிறது. அனிமே பார்க்க ஆயிரம் வழி இருக்கலாம், ஒவ்வொருவருக்கும் ஒரு ரசனை, எல்லாம் சரி. ஆனாலும் அந்த 23ஐ எடுத்துவிட்டு மிச்சத்தை "கதை" என்று என்னிடம் கொண்டுவராதீர்கள்.

அந்த அண்ணன் இப்போது எங்கே என்று கமெண்ட்டில் கேட்க வேண்டாம். எங்கள் சொந்தக்காரர்கள் பலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். படிக்கிறீர்களா சித்தப்பா? ஆமாம், உங்களைத்தான்.

பட்டியல்காரரே, முழுசாகப் பாருங்கள், பார்த்துவிட்டு அப்போதும் தேவையில்லை என்று தோன்றினால் இங்கேயே வாருங்கள், சண்டை போடலாம். சிரிப்பு எமோஜி மட்டும் போட்டால் பிளாக் செய்துவிடுவேன்.