ஏஎன்சிஏ ‘பாசிட்டிவ்’ என்றாலே ரத்தநாள அழற்சியா?

ரத்தக் குழாய்ச் சுவர்கள் அழன்று சேதமடையும் ரத்தநாள அழற்சி பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். உடலின் சொந்த வெள்ளணுக்களையே குறிவைக்கும் ஏஎன்சிஏ எனும் எதிர்ப்பொருள்களுக்கான ரத்தப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் அந்நோய் உறுதியாகிவிட்டது எனக் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. இந்த எதிர்ப்பொருள்கள் இதய வால்வுத் தொற்றிலும் காசநோயிலும், தைராய்டுக்குத் தரப்படும் புரோபைல்தயோயுராசில், ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ராலசின் போன்ற மருந்துகளை உட்கொள்வோரிடமும் தென்படுவதுண்டு. காசநோய் இன்னும் மறையாத சிங்கப்பூரில் இதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

முன்பு வெள்ளணுக்கள் நுண்ணோக்கியில் ஒளிரும் விதத்தைப் பார்த்து, ஒளி அணுவெங்கும் பரவியிருந்தால் சி வகை, கருவைச் சுற்றியிருந்தால் பி வகை என்று பிரித்தார்கள். 2017ஆம் ஆண்டில் வெளியான அனைத்துலக வழிகாட்டுதலோ, வெள்ளணுக்களில் உள்ள பிஆர்3, எம்பிஓ என்ற இரு புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை நேரடியாக அளக்கும் சோதனையையே முதலில் செய்யலாம் என்கிறது. கட்டுரை பழைய முறையோடு நின்றுவிட்டது.

ஈசூனில் வசிக்கும் என் அக்காவுக்கு மூக்கில் ரத்தப் பொருக்கு மாதக்கணக்கில் கட்டியபோது, சைனஸ் என்றே நினைத்து மருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். பலதுறை மருந்தகத்தில் சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்த இளம் மருத்துவர், ரத்தமும் புரதமும் இருப்பதைக் கண்டு அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினார். பிஆர்3 எதிர்ப்பொருள் அளவு உயர்ந்திருந்தும், சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்த பிறகே நோயின் பெயரைச் சொன்னார்கள்.

‘நெகட்டிவ்’ முடிவும் நிம்மதி தராது: ஆஸ்துமாவோடு வரும், இயோசினோஃபில் எனும் வெள்ளணுக்கள் மிகுந்திருக்கும் ரத்தநாள அழற்சி வகையில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இந்த எதிர்ப்பொருள் தென்படுவதே இல்லை.