ஒரு நிமிடப் பாட்டுதானே!

"ஒரு நிமிடப் பாட்டுதானே, நாளைக்குள் பாடிப் போட்டுவிடுங்களேன்" என்று யாராவது உரிமையோடு கேட்டால் சிரித்துச் சமாளிப்பது என் வழக்கம். இனிமேல் சிரிப்பதாக இல்லை. கைப்பேசியை எதிரே நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு பாடி முடித்தால், பிறர் பாடிய பாட்டை நாம் பாடிப் போடும் கவர் வீடியோ தயாராகிவிடும் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கும்போது, நானும் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்னை நானே ஏமாற்றிக்கொள்வதாக ஆகும்.

முதல் தலைவலி சுருதி. மூலப் பாடகரின் சுருதி என் தொண்டைக்குப் பொருந்தாது. பல்லவியில் சுகமாக இருப்பது சரணத்தின் உச்சியில் கழுத்தை நெரிக்கும். பாடகர் குரல் இல்லாத கரோக்கி ட்ராக்கை மென்பொருளில் ஏற்றி இறக்கலாம்தான், ஆனால் சற்று அதிகமாக நகர்த்தினாலே வயலின்கள் கீச்சிடும், தாளத்தின் கூர்மை மழுங்கிவிடும். ஆகவே பின்னணியை நானே வாசித்தாக வேண்டும். அதற்கு, பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒவ்வொரு கார்டையும் (chord) காதால் தேடிப் பிடிக்க வேண்டும். இடையிசையில் மூன்று வினாடி வந்துபோகும் ஒரு புல்லாங்குழல் துணுக்குக்கே ஒரு மாலைப்பொழுது கரைந்துவிடும். அந்த இடம் வருவதற்குள் பார்ப்பவரின் விரல் அடுத்த ரீல்ஸுக்குத் தள்ளியிருக்கும் என்பது வேறு விஷயம்.

ஒலிப்பதிவு என்பது பாடுவதைவிட அமைதிக்காகக் காத்திருப்பதே அதிகம். மின்விசிறியை நிறுத்தி, சன்னலை அடைத்து, சுவரோரம் போர்வைகளைத் தொங்கவிட்டு வியர்த்துக்கொண்டே பாடும்போது, சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் தானாக வந்து விழுந்த அந்த ஒரே டேக்கில்தான் தெருவில் ஒரு வண்டி உறுமும். இரைச்சலை நீக்கும் கருவியை ஓட்டினால் வண்டியோடு சேர்ந்து மெல்லின எழுத்துகளின் இழைவும் போய்விடும். 'ப' வந்தால் மைக்கில் காற்று மோதி வெடிக்கிறது, 'ஸ' வந்தால் சீறுகிறது. பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் அடியை ஒரு டேக்கிலிருந்தும், இரண்டாம் அடியின் பாதியை இன்னொரு டேக்கிலிருந்தும் எடுத்து ஒட்டும்போது, மூச்சின் ஓசையையும் உரிய இடத்தில் வைத்தாக வேண்டும். மூச்சே இல்லாத பாட்டை மனிதக் காது நம்புவதில்லை.

இவ்வளவும் முடிந்தபின்தான் காமிராவே வருகிறது. தயாரான ஒலியை ஓடவிட்டு, அதே பாட்டை அதே பாவத்தோடு மறுபடியும் பாடி நடிக்க வேண்டும். ஒலியை வினாடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்து பதிகிறோம் என்று ஒரு கணக்கு உண்டு: இசைப் பதிவு பெரும்பாலும் 44.1 கிலோஹெர்ட்ஸ், வீடியோவுக்கு 48. இந்த மாற்றத்தை மென்பொருள் கவனிக்கத் தவறினால் சுருதியே ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் (கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையிலான தூரம் ஓர் அரைச்சுரம்) எகிறிவிடும். கைப்பேசியோ வினாடிக்கு இத்தனை பிரேம் என்று ஒரே சீராகப் பதிவதில்லை. பல்லவியில் பொருந்திய உதடு சரணத்தில் விலகி நிற்கும். படத்தைவிட ஒலி 45 மில்லி வினாடி முந்தினாலே நம் கண்ணுக்கு உறுத்தத் தொடங்கும், பிந்தினால் 125 வரை பொறுத்துக்கொள்ளும் என்று ஒளிபரப்புத் துறையில் ஒரு கணக்கு உண்டு. அந்த இடைவெளிக்குள் இழுத்து நிறுத்த, கண்ணெரிய உட்கார்ந்து பிரேம் பிரேமாக நகர்த்தி முடித்துப் பதிவேற்றினால் வரும் முதல் கமெண்ட் என்ன தெரியுமா? "வாயசைப்புதானே, நேரில் பாட வராதா?" ஆமாம், வாயசைப்புதான். பாடியவரும் நான், அசைப்பவரும் நான். மைக்கை முகத்துக்கு நேரே வைத்தால் முகம் மறைகிறது, தள்ளி வைத்தால் அறையின் எதிரொலி வந்து புகுந்துகொள்கிறது. நான் வேறு என்னதான் செய்ய வேண்டும்?

அடுத்தவர் "எல்லாம் ஆட்டோட்யூன்" என்பார். 1997-இல் வந்த அந்த மென்பொருள், விலகிய சுரத்தை அருகிலிருக்கும் சுரத்துக்கு இழுத்து வைக்கும். கமகத்தின் அசைவையும் அது பிழையென்றே எண்ணி நேராக்கிவிடும் என்பதால், நம் பாட்டுகளில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடவே முடியாது. தவறான இடங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் திருத்துவது, சொல்லப்போனால் மீண்டும் பாடுவதைவிடக் கொடுமை.

குரலையும் கருவிகளையும் அளவாகக் கலக்கும் மிக்ஸிங்கைப் பற்றிப் பேசாமலே விடுகிறேன். கைப்பேசியின் பொட்டு ஸ்பீக்கரில் பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி காணாமல் போகும் துயரத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும். பதிவேற்றியவுடன் உரிமைகோரல் வந்து நிற்கும். ஒவ்வொரு கருவியையும் நானே வாசித்திருந்தாலும் மெட்டும் வரிகளும் பிறருடையவை, ஒலிப்பதிவின் உரிமை வேறு, பாடலின் உரிமை வேறு. 2007 முதல் யூடியூபில் இருக்கும், பிறர் உரிமையுள்ள பாடல்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் 'கன்டென்ட் ஐடி' மெட்டை வைத்தே அடையாளம் கண்டுவிடும். விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகட்டும், அதில் எனக்கு மனக்குறை இல்லை.

என் வயிற்றெரிச்சல் வேறு ஆட்களின் மேல். என் வீடியோவை இறக்கி, ஓரத்தில் இருக்கும் என் பெயர் தெரியாதபடி வெட்டி, தங்கள் பக்கத்தில் போட்டு, கீழே "நன்றி: உரியவருக்கு" என்று எழுதுகிறார்களே, அவர்கள்தான். புகார் கொடுக்கலாமென்றால் பாடலே என்னுடையதில்லை என்ற தயக்கம் கையைப் பிடித்து இழுக்கிறது. அங்கே என் பக்கத்தைவிடப் பல மடங்கு வியூஸ். "யார் பாடியது, குரல் நன்றாக இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டிருந்தார். வெட்டியவர் அதற்கு ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். நானே போய் "நான்தான் பாடினேன்" என்று எழுதினேன். அந்தக் கமெண்டை நீக்கிவிட்டார்கள்.