பல மரம் கண்ட தச்சன்

போன மாதம் தங்கை வீட்டில் காதுகுத்து. சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பேச்சு தங்கை மகள் பக்கம் திரும்பியது. அவள் படித்தது தாவரவியல். பிறகு டாலி கற்றுக்கொண்டு ஓர் உரக்கடையில் எட்டு மாதம் கணக்கு எழுதினாள். அங்கிருந்து ஒரு புகைப்படக்காரரிடம் கல்யாண ஆல்பம் வடிவமைக்கப் போனாள். நடுவில் சைகை மொழி வகுப்பு. இப்போது மறுபடியும் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். கடைசியாகப் போன நேர்காணலில், "எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கை வைத்திருக்கிறீர்கள், எதிலும் ஊன்றி நிற்கவில்லையே" என்று கேட்டிருக்கிறார்கள். அதை அவளே சொன்னாள். அவளுடைய பெரியப்பா வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "அதைத்தான் அன்றைக்கே சொல்லி வைத்தார்கள், பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்றார். கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "இந்தப் பழமொழிக்கு உண்மையான பொருளே வேறு" என்று தொடங்கி, ஓர் எழுத்தை மாற்றிப்போட்டு, நம் முன்னோர்கள் மூடர்கள் இல்லை என்று முடிக்கும் பதிவு இது அல்ல. அந்த வேலைக்கு இங்கே ஆள் ஏராளம். பழமொழி தெளிவாகத்தான் இருக்கிறது. இந்த மரமா அந்த மரமா என்று தோப்பைச் சுற்றிக்கொண்டே இருப்பவன் பொழுது சாயும்போது வெறுங்கையோடு திரும்புவான். மனம் ஓரிடத்தில் நில்லாதவனைத் திட்டுவதற்கு நல்ல பழமொழி. ஆனால் பல மரம் காணாத தச்சனை உங்கள் வீட்டுக் கதவுக்கு அழைப்பீர்களா?

எங்கள் வீட்டுக் கதவுக்கு ஒருவரை அழைத்த கதையைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பழைய வீடு ஒன்றை இடித்த இடத்தில் ஓர் இரட்டைக் கதவு வாங்கினேன். தேக்கு என்று சொல்லித் தேக்குக்கான விலையை வாங்கிக்கொண்டார்கள். நிலையில் பொருத்த வந்த தச்சருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கதவை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்ததுமே முகம் மாறியது. ஓரத்தில் பெயிண்டைச் சுரண்டினார், உளியால் மெல்லிய சீவல்கள் நாலைந்து எடுத்தார், முகர்ந்தார். "ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்" என்றார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று பானையிலிருந்து மொண்டு கொடுத்தேன். சீவல்களை அதில் போட்டு ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுக் கீல்களைக் கழற்றப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது ஓரத்தில் ஒரு நீலச் சாயல் ஓடியது. "வேங்கை" என்றார். "கதவுக்கு வேங்கை மோசமில்லை. அதற்குத் தேக்கு விலை கொடுத்ததுதான் மோசம்."

அன்று மாலை தேநீரோடு அவரைப் பேசவிட்டேன். கதவு, ஜன்னல், கட்டில், இவ்வளவுதான் அவருடைய தொழில். ஆனால் செக்குக்கு வாகை என்பார், கறிக்கடைக் கட்டைக்குப் புளி என்பார், முருங்கை விறகுக்குக்கூட ஆகாது என்பார். வீணைக்குப் பலா, நாகஸ்வரத்துக்கு ஆச்சா. வாழ்நாளில் ஒரு வீணையோ நாகஸ்வரமோ அவர் செய்ததில்லை. பிறகு அது தெரிந்து என்ன பயன்? கேட்டேன். பழைய வீடு பிரிக்கும்போது ஆச்சா மர உத்தரம் கிடைத்தால் அதை அறுத்து ஜன்னல் சட்டம் ஆக்கிவிட மாட்டாராம். கும்பகோணம் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை இருக்கிறதே, நாகஸ்வரம் செய்கிற ஊர், அங்கே சொல்லி அனுப்புவாராம். வாத்தியத்துக்கு வேண்டியது அப்படி ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்த பழைய மரம்தான். அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது செய்தியாக வந்தபோது, எனக்கு நினைவுக்கு வந்தது அறுபடாமல் தப்பிய அந்த உத்தரங்கள்தான்.

நான் ஒரு நாளிதழில் 27 ஆண்டுகள் பிழை திருத்தியவன். ஊரில் கேட்டால் சந்திப்பிழை பார்க்கிறவர் என்பார்கள். சந்திப்பிழை அந்த வேலையில் கால் பங்கு. மிச்சமெல்லாம் இந்தத் தச்சர் செய்ததுதான்: தூக்கிப் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது. ஞாயிறு மலருக்கு ஒரு சிறுகதை வருகிறது. தீபாவளி இரவு, மொட்டை மாடி, நிலா வெளிச்சத்தில் நாயகி கண் கலங்குகிறாள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் தீபாவளியன்று ஏது ஐயா நிலா? அமாவாசையை ஒட்டி வருகிற பண்டிகை. இதைக் கண்டுபிடிக்க வானியல் வேண்டாம். சின்ன வயதில் தெரு இருட்டாக இருந்ததால்தான் மத்தாப்பு அவ்வளவு அழகாக இருந்தது என்ற நினைப்பு இருந்தால் போதும். எழுத்தாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். கதையைக் கார்த்திகை தீபத்துக்கு நகர்த்திக்கொண்டார். அன்றைக்கு நிலவுக்குக் குறைவில்லை.

பெருமையடித்தது போதும், கோட்டைவிட்டதையும் சொல்கிறேன். 2009 என்று நினைவு. வேளாண் பக்கத்தில் சம்பா நெல்லுக்கான உரப் பரிந்துரை. "ஏக்கருக்கு 150 கிலோ தழைச்சத்து" என்று இருந்தது. தழைச்சத்து என்றால் நைட்ரஜன். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா, ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இரவு பதினொரு மணி. நாளிதழின் பக்கங்களை வடிவமைக்கிற தம்பி எழுந்து வந்தார். மன்னார்குடிப் பக்கத்துக்காரர், அப்பா பெயரில் இரண்டு ஏக்கர் நிலம். "ஐயா, ஏக்கருக்கு ஏழு மூட்டை யூரியாவா? பயிர் படுத்துவிடுமே" என்றார்.

யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். 150 கிலோ தழைச்சத்து வேண்டுமென்றால் 326 கிலோ யூரியா கொட்ட வேண்டும். அந்த 150 கிலோ என்பது ஹெக்டேர் கணக்கு. ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். யாரோ ஒருவர் தட்டச்சு செய்யும்போது ஹெக்டேரை ஏக்கராக்கிவிட்டார். அதை நம்பி ஒரு விவசாயி இறைத்திருந்தால் பயிர் கரும்பச்சையாகக் கொழுத்து, புகையானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் விருந்து வைத்துவிட்டு, கதிர் வரும் நேரத்தில் காற்றுக்குச் சாய்ந்திருக்கும். அந்தத் தம்பி வேளாண்மை படித்தவர் இல்லை, முழுநேர விவசாயியும் இல்லை. விடுமுறையில் ஊருக்குப் போனபோது மூட்டை தூக்கியவர். அவ்வளவுதான். அந்த 150 அவருக்கு உறுத்தியது, எனக்கு உறுத்தவில்லை.

நான் சொல்ல வருவது இந்த உறுத்தலைத்தான். கொஞ்சம் தெரிந்துகொள்வதால் கதவு செய்ய வராது, வைத்தியம் பார்க்க வராது, நெல் விளைவிக்க வராது. சோறு உண்ணும்போது பல்லில் கல் படுவதுபோல ஒன்று தட்டுப்படும். உடனே நிறுத்திவிட்டு, இதை யாரிடம் கேட்கலாம் என்று யோசிப்போம். ஒன்றுமே தெரியாதவன் கல்லோடு சேர்த்து விழுங்கிவிடுவான். ஒன்றை மட்டுமே கரைகண்டவனும் அந்த ஒன்றைத் தவிர மற்றதிலெல்லாம் அப்படித்தான் விழுங்குகிறான். பெரிய பட்டங்களை வைத்துக்கொண்டு, வங்கியிலிருந்து பேசுகிறோம் என்றவனிடம் ஓடிபியைச் சொல்லிவிட்டு நிற்பவர்களை நாம் பார்க்கவில்லையா?

ஆழம்தான் பெரிது என்பவர்கள் உ.வே.சாமிநாதையரைக் காட்டுவார்கள். நானும் அவரையே காட்டுகிறேன். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் எல்லாம் தலைகீழ்ப் பாடம். அந்த ஊருக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரிடம் இந்தப் பட்டியலை ஒப்பித்தபோது அவர் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அங்கேதான் ஐயருக்குத் திகைப்பு. கற்ற தமிழ் அத்தனையும் கையில் இருந்தும் அந்தக் காப்பியம் பிடிபடவில்லை. அது சமணக் காப்பியம், இவருக்குச் சமணம் தெரியாது. என்ன செய்தார்? கும்பகோணத்திலேயே இருந்த சமணர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டார். சிந்தாமணியைப் புரிந்துகொள்ள எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு தெரிந்துகொண்டார். இவரைப் பார்த்துப் "பவ்ய ஜீவன்" என்று அவர்கள் மெச்சினார்கள். முத்திக்குப் பக்குவமான உயிர் என்று பொருள். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது.

அவர் வாழ்க்கையில் இதற்கு நேர் எதிரான செய்தியும் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. ஐயர் இசைக் குடும்பத்தில் பிறந்தவர். மாயூரத்தில் பிள்ளையிடம் பாடம் கேட்டுவந்தபோது, அங்கிருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் பழகிவந்தார். பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கண இலக்கியத்தில் புத்தி ஓடாது என்றார். மாணவர் விட்டுவிட்டார். பெரியப்பா சொன்ன பழமொழிதான், கொஞ்சம் மரியாதையான வடிவத்தில். பிள்ளை சொன்னது தவறு என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. அந்த வயதில் அந்த மாணவருக்கு அது வேண்டியிருந்திருக்கலாம். ஆனால் பல ஆண்டுகள் கழித்துக் கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகிய சங்கீத வித்துவான்களின் வரலாறுகளை எழுத வந்தது யார்? பாதியில் விட்ட சங்கீதம் எங்கேயும் போய்விடவில்லை.

தமிழ்நாட்டுக்கு வெளியே எனக்குப் பிடித்த ஆள் டான் சுவான்சன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நூலகத் துறைப் பேராசிரியராக இருந்தவர், படித்தது இயற்பியல், மருத்துவம் அல்ல. குளிர் பட்டால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் ரேனாட் என்ற நோய் இருக்கிறது. அந்த நோயாளிகளுக்கு இரத்தம் கெட்டிப்பட்டிருக்கிறது என்று ஒரு கட்டு ஆய்வுக் கட்டுரைகள் சொல்லிக்கொண்டிருந்தன. மீன் எண்ணெய் இரத்தத்தின் கெட்டித்தன்மையைக் குறைக்கிறது என்று இன்னொரு கட்டு சொல்லிக்கொண்டிருந்தது. இந்தக் கட்டைப் படித்தவர்கள் அந்தக் கட்டைப் படிக்கவில்லை. 1986இல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதற்கு அது உதவுமா என்று பாருங்களேன் என்று எழுதினார் சுவான்சன். சோதித்தவர்கள் 1989இல் வெளியிட்ட முடிவுகள் பலருக்கு உதவுகிறது என்றன. மருத்துவர்கள் செய்ய வேண்டியதை மருத்துவர்கள் செய்தார்கள். இரண்டு அலமாரிக்கும் நடுவே நடந்து போன ஆள் மட்டும் வேறு.

இப்போது நீங்கள் கேட்கப் போவது தெரியும்: அப்படியானால் வாட்ஸப் பல்கலைக்கழகம்? எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்த மாமாக்கள் நிறைந்த குடும்பக் குழு? உண்மைதான். நானே ஒரு காலத்தில் அந்தக் குழுவின் மூத்த உறுப்பினர். வாடகை வீட்டில் ஃப்யூஸ் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. மின்சாரத்தைப் பற்றி எனக்குக் "கொஞ்சம் தெரியும்". மெல்லிய கம்பியாக இருப்பதால்தானே அறுந்துபோகிறது என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டேன். மூன்று நாள் ஃப்யூஸ் போகவே இல்லை. வீட்டில் என்னைப் பாராட்டினார்கள். நாலாம் நாள் சுவருக்குள்ளிருந்து ரப்பர் தீய்ந்த வாசனை. ஓடிவந்த எலெக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அது அறுந்துபோகத்தான் சார் அங்கே இருக்கிறது" என்றார். அன்றைக்கு எனக்கு எதுவும் உறுத்தவில்லை, யாரையும் கேட்கவும் தோன்றவில்லை. அரை வைத்தியன் ஆயிரம் பேரைக் கொன்றானா ஆயிரம் வேரைக் கொன்றானா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை, ஒரு வீட்டைக் கொளுத்தப் பார்த்தவன் என்ற முறையில்.

வள்ளுவர் கேள்வி அதிகாரத்தில் "எனைத்தானும் நல்லவை கேட்க" என்கிறார். எனைத்தானும் என்றால் எவ்வளவு சிறிதானாலும். அறிவுக்குக் குறைந்தபட்சக் கொள்முதல் அளவு எதுவும் அவர் வைக்கவில்லை. கேட்க என்றுதான் சொல்கிறார், உடனே எடுத்துச் சொல்க என்று சொல்லவில்லை.

இதையெல்லாம் எழுதி முடித்துத் தங்கை மகளுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். வியாழக்கிழமை அவளுக்கு இன்னொரு நேர்காணல் இருக்கிறது. இந்த யூரியாக் கதையைச் சொல், கேட்கிறவர்கள் அசந்துபோவார்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "மாமா, அது எந்த வருஷம் என்றீர்கள்?" என்றாள்.

"2009."

"யூரியா மூட்டையை 45 கிலோ ஆக்கியது 2018இல்தான் மாமா. அதற்கு முன்னால் 50 கிலோ. 326 கிலோவுக்கு ஆறரை மூட்டைதான் வரும். ஏழு மூட்டை எப்படி வந்தது?"

அந்தத் தம்பி ஏழு என்றுதான் சொன்னாரா, ஆறரை என்று சொன்னதை நான்தான் பல முறை சொல்லிச் சொல்லி ஏழாக்கிவிட்டேனா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய எண் யாரிடமாவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.