ஆக்சுவல் டிராயிங்

ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு லேத் வேலை செய்துகொடுத்தபோது நடந்தது இது. "ப்ளீஸ் யூஸ் தி ஆக்சுவல் டிராயிங்" என்று ஒரு வரி மெயில். எங்களிடம் இரண்டு டிராயிங் இருந்தன. ஆர்டரோடு வந்தது ஒன்று, பிறகு திருத்தி அனுப்பியது ஒன்று. ஆக்சுவல் என்றால் அசல்தானே? முதலாவதை வைத்து 40 பீஸ் ஓட்டிவிட்டோம். அதில் துளை 10 மில்லிமீட்டர், திருத்தியதில் 8. சின்னத் துளையைப் பெரிதாக்கலாம், பெரிய துளையை என்ன செய்வது? அத்தனையும் ஸ்கிராப்.

"அந்த ஆளுக்கு இங்கிலீஷ் வராது" என்று ஷாப்பில் ஒரே பேச்சு. நானும் சேர்ந்துதான் திட்டினேன். அப்புறம் பார்த்தால், ஜெர்மனில் 'ஆக்டுவெல்' என்றாலே 'இப்போது நடப்பில் உள்ள' என்றுதான் அர்த்தமாம். அந்தக் காலத்துக் கிழக்கு ஜெர்மனி தொலைக்காட்சியின் செய்திக்கு 'ஆக்டுவெல்லெ கமெரா' என்று பெயர் இருந்தது. பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன், போலிஷ் எல்லாவற்றிலும் இந்தச் சொல்லுக்குத் 'தற்போதைய' என்பதுதான் பொருள். ஆங்கிலம் மட்டும் 'உண்மையான' என்று தனியாக நிற்கிறது.

மூலம் ஒன்றுதான். லத்தீனில் 'ஆக்டுஸ்' என்றால் செயல், அதிலிருந்து 'ஆக்டுவாலிஸ்', செயலில் இருப்பது. விதைக்குள் மரம் இருக்கக்கூடும், வெளியே நிற்கும் மரம்தான் ஆக்டுவாலிஸ் என்கிற மாதிரி இடைக்கால இறையியலாளர்கள் பேசினார்கள். செயலில் இருப்பது நிஜம் என்று ஆங்கிலம் பிடித்துக்கொண்டது. செயலில் இருப்பது இன்றையது என்று மற்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள். பிரெஞ்சில் பழைய பொருள் ஒரு மூலையில் இன்னும் கிடக்கிறது: ஆதாமிடமிருந்து வந்த பாவம் போக, அவரவர் செய்யும் பாவம் 'பெஷே ஆக்துயெல்'. நம்மூர் கத்தோலிக்க ஞானோபதேசத்தில் அதைக் கர்மப் பாவம் என்பார்கள். கர்மம் என்றாலும் செயல்தானே! யார் மொழிபெயர்த்தாரோ, கை கொடுக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்குத் தணிக்கை மன்றம், அங்குள்ள ஆவணங்களில் தப்பாகப் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு ஒரு பட்டியலே போட்டது. 'ஆக்சுவல்' அதில் இருக்கிறது. ஆங்கிலேயர் படிக்கிற ஆவணம் என்றால் சரி. எங்கள் மெயிலில் ஆங்கிலேயர் யார் இருந்தார்? அந்த ஜெர்மன்காரருக்கும் அது கடன் மொழி, எனக்கும் கடன் மொழி. நாள் முழுக்க "ஆக்சுவலா என்னன்னா" என்று சும்மா இழுக்கிற நான் அவருக்குப் பாடம் எடுப்பதா? என் பார்வையில் தப்பு அவர் மேல் இல்லை. இரண்டு டிராயிங் கையில் இருந்தும் எது என்று கேட்காத என் மேல்தான்.

இப்போதெல்லாம் ரிவிஷன் நம்பரும் தேதியும் கேட்டு வாங்கிய பிறகுதான் மெஷினில் ஜாப் ஏற்றுகிறோம். போன வாரமும் கேட்டேன். நம்பரை அனுப்பிவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: "திஸ் இஸ் தி ஆக்சுவல் ஒன்."