கொமேடாவை ஒரு தாலாட்டோடு நிறுத்திவிடாதீர்கள்

கொமேடா என்றால் பலருக்கும் யாரென்று தெரியாது. 'ரோஸ்மேரிஸ் பேபி' படத்தின் தொடக்கத்தில் மியா ஃபாரோ வார்த்தையே இல்லாமல் 'லா லா' என்று பாடுவாரே, அந்தத் தாலாட்டுக்கு இசையமைத்தவர் என்றால் உடனே புரிந்துவிடும். அடுத்த நிமிடமே பேச்சு சாபத்துக்குப் போய்விடும். சாத்தான் படத்துக்கு இசையமைத்தார், மறுவருடமே இறந்துபோனார் என்று. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 38 வயதைக்கூடத் தொடாமல் போன மனிதர் அதற்குள் என்னென்ன செய்திருந்தார் என்று யாரும் கேட்பதே இல்லை.

போலந்தின் போஸ்னான் நகரில் 1931-ல் பிறந்தவர். இயற்பெயர் கிஷிஷ்தோஃப் த்ஷ்சின்ஸ்கி. சிறுவயதில் போலியோ வந்ததால் காலைத் தாங்கித் தாங்கித்தான் நடப்பார். மருத்துவம் படித்து, காது மூக்கு தொண்டை மருத்துவரானார். ஸ்டாலின் காலத்தில் ஜாஸ் அங்கே ஆகாத சங்கதி. வீடுகளுக்குள் கூடி வாசித்த அந்த வருடங்களைப் போலந்து இசைக்காரர்கள் நிலவறைக் காலம் என்றே சொல்வார்கள். கூட வேலை பார்க்கும் மருத்துவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் 'கொமேடா' என்ற பெயரை வைத்துக்கொண்டார். 1956-ல் சோபோட் ஜாஸ் விழாவில் அவருடைய ஆறு பேர் குழு மேடையேறியது. அப்புறம் மருத்துவம் மெல்ல மெல்லப் பின்னால் போனது.

சினிமாவுக்குப் போய் ஜாஸைக் கைவிட்டுவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது தலைகீழாகத்தான் படுகிறது. அவருடைய ஜாஸை வளர்த்ததே சினிமாதான்.

'ரோஸ்மேரிஸ் பேபி'யை இயக்கிய ரோமன் பொலான்ஸ்கி 1958-ல் சினிமா மாணவராக இருந்தபோது எடுத்த 'டூ மென் அண்ட் எ வார்ட்ரோப்' குறும்படத்தைப் பாருங்கள். கடலிலிருந்து இரண்டு பேர் ஓர் அலமாரியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஊரில் யாரும் அவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. திரும்பவும் கடலுக்குள்ளேயே போய்விடுகிறார்கள். படத்தில் வசனமே கிடையாது. அந்த இரண்டு பேருக்காகப் பேச இசையை விட்டால் வேறு எதுவும் இல்லை. ஆனாலும் கொமேடா அவர்கள்மேல் இரக்கத்தைக் கொட்டவில்லை. ஒரு சின்ன மெட்டை அவர்களோடு நடக்க விடுகிறார், அவ்வளவுதான். 1962-ல் வந்த 'நைஃப் இன் த வாட்டர்' இன்னும் பெரிய பாடம். ஒரு பாய்மரப் படகு, மூன்று பேர், சுற்றிலும் ஏரித் தண்ணீர். ஸ்வீடன்காரர் பெர்ன்ட் ரோசன்கிரென்னின் சாக்ஸஃபோன் எப்போது வரும் என்று காத்திருப்போம். அது நின்றபிறகு வரும் மௌனத்தில்தான் அந்த மூவருக்கும் இடையே உள்ள பகை காதில் விழும். எங்கே வாசிக்கக் கூடாது என்பதை இவ்வளவு துல்லியமாக அறிந்தவர்கள் குறைவு.

இந்தப் பொறுமையை எடுத்துக்கொண்டுதான் 1965 டிசம்பரில் வார்சாவில் 'அஸ்டிக்மாட்டிக்' இசைத்தட்டைப் பதிவு செய்தார். மொத்தமே மூன்று உருப்படிகள். முதலாவது மட்டும் 20 நிமிடத்துக்கு மேல் ஓடும். இன்னொன்றான 'கட்டோர்னா' ஏற்கெனவே ஒரு படத்துக்காகப் போட்ட மெட்டு. சினிமாவும் ஜாஸும் அவருக்கு ஒரே மேசையில் நடந்த வேலை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அமெரிக்க ஜாஸை நகலெடுக்காமல், ஐரோப்பாவுக்கென்று ஒரு குரல் உண்டு என்று காட்டிய தட்டு அது. கொமேடா விரல்வித்தை காட்டும் பியானோக்காரர் அல்லர். ஆனால் ட்ரம்பெட்டில் 23 வயது தோமாஷ் ஸ்டான்கோ, சாக்ஸஃபோனில் நமிஸ்வாஃப்ஸ்கி என்று மற்றவர்களுக்கு அவர் திறந்துவிடும் வெளி இருக்கிறதே, அதைக் கேட்டு நான் பலமுறை கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். முதன்முறை கேட்டபோது பாதி புரியவில்லை என்பதும் உண்மை. விடாமல் கேட்டேன்.

பிறகு ஹாலிவுட். 1968 முடியும் சமயத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் தலையில் அடிபட்டது. நினைவு தப்பியது. அந்த நிலையிலேயே வார்சாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1969 ஏப்ரல் 23 அன்று இறந்தார். இன்னும் நான்கு நாளில் அவருக்குப் பிறந்தநாள். இதில் சாபம் எங்கே வந்தது? அது ஒரு விபத்து. நண்பர்களும் மனைவி சோஃபியாவும் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்த ஒரு துயரம். அதைத் திகில் கதையாக்கிச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஸ்டான்கோ அவரை மறக்கவேயில்லை. 1997-ல் 'லிட்டானியா' என்று கொமேடாவின் இசைக்கென்றே ஓர் ஆல்பம் வெளியிட்டார். நேரம் கிடைத்தால் முதலில் 'அஸ்டிக்மாட்டிக்' கேளுங்கள், பிறகு இதற்கு வாருங்கள். அந்தத் தாலாட்டு இதிலும் இருக்கிறது, மூன்று தடவை. கடைசியில் ஒலிப்பதும் அதுதான். ஆனால் அங்கே சாத்தானும் இல்லை, பேயும் இல்லை. இறந்துபோன நண்பனைத் தூங்கவைக்கிற மாதிரி ஒரு ட்ரம்பெட் மட்டும்.